வாடாத செடி

வாட வேண்டிய செடி வாடவில்லை. குழித்தட்டில் வரிசையாக, காலையில் தெளித்த தண்ணீர் ஈரத்தோடு இலையை விரித்துக்கொண்டு நின்றது. ஜெபசீலி குனிந்து பார்த்தாள். தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தாள். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. செத்துக்கொண்டிருக்க வேண்டிய செடி, கல்யாணத்துக்குக் கிளம்பினாற்போல் நின்றது.

பாகலூரிலிருந்து மாலூர் போகும் ரோட்டில் உள்ள ஒரு விதைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனி புதிதாக உண்டாக்கும் தக்காளி ரகங்கள் வாடல் நோயைத் தாங்குமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். சோதனை சுலபமானது. வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து வைத்திருப்பார்கள். அதன் வித்துகளைத் தண்ணீரில் கரைத்து, நாற்றைப் பிடுங்கி, வேர் நுனியைக் கத்தரித்து, அந்தத் தண்ணீரில் முக்கி மறுபடி நடுவார்கள். தாங்காத நாற்றில் பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். முதலில் கீழ் இலை மஞ்சளாகும். பிறகு உச்சி வெயிலில் தலை தொங்கும், சாயங்காலம் நிமிரும். இரண்டு மூன்று நாள் அப்படி ஏமாற்றிவிட்டு ஒருநாள் நிமிராமலே போய்விடும். தாங்கும் ரகம் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.

இதில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் புது ரகத்துக்குப் பக்கத்தில், இந்த நோய் பட்டால் கட்டாயம் சாகும் என்று தெரிந்த பழைய ரகம் ஒன்றையும் நட வேண்டும். லேபில் அதற்குச் ‘செக்’ என்று பெயர். செக் செத்தால்தான் பூஞ்சை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். செக்கே நிமிர்ந்து நின்றால், பக்கத்தில் நிற்கும் புது ரகம் தன் பலத்தில் நிற்கிறதா, எதிரி வராததால் நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது நின்றுகொண்டிருந்தது அந்தச் செக்தான்.

ஜெபசீலிக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். குளிர் என்று நினைத்தாள். ஓசூர்ப் பக்கத்து ஆவணிச் சாரலில் இந்தப் பூஞ்சை சோம்பிப் போகும். ஆனால் அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, சூடு சரியாக இருந்தது. வித்து குறைந்துபோயிருக்கும் என்று நினைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. விதை மாறிப்போயிருக்குமோ என்று வேறு பாக்கெட்டிலிருந்து செக் நாற்று வளர்த்து முக்கிப் பார்த்தாள். அதுவும் நின்றது. பூஞ்சை செத்துவிட்டதோ என்று பார்த்தால், தட்டில் அது வெள்ளைப் பஞ்சு மாதிரி பொங்கி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு செழிப்பாக வளர்கிற பூஞ்சை, ஒரு நோஞ்சான் நாற்றைக்கூடச் சாய்க்கவில்லை.

வீட்டில் நிலைமை இதற்கு நேர் எதிராக இருந்தது. அங்கே வாடக் கூடாத செடி வாடிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஐசக்கோடும் அண்ணி அனிட்டாவோடும்தான் ஜெபசீலி இருந்தாள். அவர்களுடைய அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் திம்மராயன் வீட்டு நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். ஐசக்கும் அங்கேதான் தொடங்கினான். பிறகு இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தான். அந்தச் சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் திம்மராயனிடமே போய், கிழக்கே இருக்கிற ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டான். அவனுடைய தெருவிலிருந்து கூலிக்கல்லாமல் குத்தகைக்கென்று அந்த வாசலில் போய் நின்ற முதல் ஆள் அவன்தான். திம்மராயன் யோசித்து, சம்மதித்தார். கம்பெனி, கடைக்கு வருவதற்கு முன்னால் சில விவசாயிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கும் ‘பதினேழாம் நம்பர்’ தக்காளி விதையை ஜெபசீலி வாங்கிவந்து கொடுத்தாள். வாடல் நோயைத் தாங்கும் ரகம் அது. “எந்தங்கச்சி டெஸ்ட் பண்ண வெதை” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஐசக் சொன்னான்.

செடி இடுப்பளவு வந்து, நீலகிரிக் குச்சி நட்டுச் சணலில் கட்டி, முதல் காய் திரளுகிற நேரத்தில் தலை தொங்கத் தொடங்கியது.

அதை ஐசக் அவளிடம் சொன்ன இடம் பால் சொசைட்டி வாசல். பால் ஊற்ற வந்தவர்கள், தக்காளி டெம்போவுக்குக் கிரேட் பெட்டி அடுக்குகிறவர்கள் என்று காலையில் ஊரே அங்கேதான் நிற்கும். கம்பெனி பஸ்ஸும் அங்கேதான் வரும். அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

“பாப்பா, செடி ரெண்டு மூணு வெயில்ல தலைய போட்டுடுதும்மா. சாய்ங்காலமானா எந்திரிச்சிக்குது” என்றான்.

“சொட்டுத் தண்ணி டிரிப்ப எவ்ளோ நேரம் ஓட விடற?”

“கரன்ட் இருக்கற வரைக்கும்.”

அவ்வளவுதான், ஜெபசீலிக்கு விளக்கம் சொல்லும் ஆசை வந்துவிட்டது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அடுத்தவருக்குப் புரிய வைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேருக்கும் மூச்சு உண்டு என்று தொடங்கினாள். மண்ணுக்குள் காற்றுப் பை இருக்கிறது, தண்ணீர் தேங்கினால் அந்தப் பை நிறைந்துவிடும், தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும் என்று கையை விரித்துக் காட்டினாள். கிரேட் அடுக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். திம்மராயனும் பால் கேனோடு நின்று கேட்டார். கூட்டம் கேட்கிறது என்ற உற்சாகத்தில் கடைசியாக ஒன்று சொன்னாள்.

“ரகத்துல தப்பே இல்லண்ணா. நானே டெஸ்ட் பண்ணது. தண்ணி விடறவங்க கையிலதான் தப்பு.”

யாரோ சிரித்தார்கள். பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். அந்த வார்த்தை அங்கேயே நின்றுகொண்டது.

ஐசக் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தான். செடி இன்னும் வேகமாகச் செத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, சேலையைக்கூட மாற்றாமல் ஜெபசீலி வயலுக்குப் போனாள். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வரிசைக்கு வரிசை செடிகள் குச்சியில் கட்டியபடியே காய்ந்து தொங்கின. காய்கள் கோலி அளவில் சிவந்து சுருங்கியிருந்தன. ஐசக் செத்த செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தான். வரப்பில் திம்மராயன் குடையோடு நின்றிருந்தார்.

“பாம்மா பா” என்று வரவேற்றார் அவர். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். “நீ சொன்னது கரெக்டு. இவன் கூலிக்கு நல்ல ஆளு. வெள்ளாமைக்கு லாயக்கில்ல.”

“தண்ணிய கொறச்சிட்டேங்கய்யா. வந்து மண்ண புடிச்சிப் பாருங்க, ஒதுருது” என்றான் ஐசக்.

“கொறச்சா ஏன் சாவுது?”

“அதாங்க தெரில.”

“தெரிலன்னா ஏனு மாடோது, என்னா பண்றது? எங்கப்பன் காலத்துலருந்து இந்த மண்ணு ஒருநாளும் இப்பிடி ஆனதில்ல. தசரா வரைக்கும் பாக்கறேன் ஐசக்கு. அப்பறம் நெலத்த விட்டுடு. கூலிக்கு வேணா வா, நான் வேணாங்கல.”

ஐசக் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான்.

ஜெபசீலி ஒரு செடியின் தண்டைக் கத்தியால் சாய்வாகச் சீவினாள். பட்டைக்கு அடியில், தண்ணீர் ஏறும் இடத்தில், டீக்கறை மாதிரி பழுப்புக் கோடு ஓடியது. இதே மாதிரி வாட வைக்கும் பாக்டீரியா ஒன்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தால், பாக்டீரியாவாக இருந்தால் பால் கசிவதுபோல் வெள்ளை நூல் இறங்கும். அவள் பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றித் தண்டைப் பிடித்தாள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

அப்படியானால் ஃபியூசேரியம். பதினேழாம் நம்பர் எதைத் தாங்கும் என்று அவள் சோதித்துக் கையெழுத்துப் போட்டாளோ, அதேதான். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். திம்மராயன் பக்கத்தில்தான் நின்றார். “என்னாம்மா தெரியுது?” என்றும் கேட்டார்.

“லேபுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துதான் சொல்லணும்” என்றாள் அவள். ஐசக் அவளைப் பார்த்தான். அவள் தண்டுத் துண்டுகளைக் கவரில் போட்டு மடித்தாள். மடித்து முடித்த பிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் களியும் கொள்ளுச் சாறும். அனிட்டா களியை உருட்டித் தட்டில் வைத்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கை தாராளம். செம்பை எடுத்து, ஜெபசீலியின் டம்ளருக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தண்ணி ஊத்தட்டுமா பாப்பா? இல்ல அதுவும் சாஸ்தியா பூடுமா?”

“அனிட்டா” என்றான் ஐசக்.

“நான் என்னா சொல்லிட்டேன் இப்ப? தெரியாம ஊத்திட்டு அப்பறம் ஊருக்கு முன்னால பேச்சு வாங்கக் கூடாதில்ல. பால் ஊத்த வர்ற மாரம்மா கேக்கறா, என்னாடி உங்கூட்டுக்காரரு செடிக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறாரான்னு.”

“சாப்புடு பாப்பா” என்றான் ஐசக், தங்கையைப் பார்க்காமல். “படிச்சவ, தெரிஞ்சதச் சொன்னா. அதுக்கென்னா.”

அந்தப் பரிவைத்தான் ஜெபசீலியால் விழுங்க முடியவில்லை. களியைச் சாற்றில் புரட்டிப் புரட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணி திட்டினால் பதில் சொல்லலாம். தான் கெடுத்துவிட்டோமோ என்று அண்ணனே நம்பத் தொடங்கியிருந்தான்.

லேபில் அந்தத் தண்டுத் துண்டுகளை மருந்துத் தண்ணீரில் கழுவி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்த்த கூழ்த் தட்டில் வைத்தாள். சில நாளில் பூஞ்சை வெளியே வந்தது. பார்க்க நன்றாகவே இல்லை. மெலிந்து, தட்டோடு தட்டாகப் படர்ந்து, நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தட்டு, வெள்ளைப் பஞ்சாகப் பொங்கியிருந்தது.

இந்த அசிங்கமான தட்டை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஜெபசீலி நினைத்தாள். எங்கே என்று நினைவு வந்தபோது, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். குப்பைக் கூடையில் பார்த்திருக்கிறாள். அங்கே போட்டதும் அவள்தான்.

தட்டில் கூழ் தீர்ந்துவிட்டால் பூஞ்சை செத்துவிடும். அதனால் அவ்வப்போது ஓரத்திலிருந்து ஒரு துளி வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அவள் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் நாலைந்து தட்டுப் போடுவாள். அதில் எது வெள்ளையாக, அடர்த்தியாக, வேகமாக ஓடியிருக்கிறதோ அதிலிருந்துதான் அடுத்ததை எடுப்பாள். மெலிந்ததையும் ஊதா ஓடியதையும் கெட்டுப்போனதென்று கொதிக்கவைத்துக் கொட்டிவிடுவாள். லேப் தலைவி ரூபா மேடம் பெங்களூரிலிருந்து தினமும் வருகிறவர். கம்பெனிக்கு யார் வந்தாலும் “ஜெபா பிளேட்ட பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்கு” என்று காட்டுவார். அந்தப் பாராட்டுக்காகவே இன்னும் அழகாகப் பொறுக்கினாள்.

அவள் பொறுக்கியது என்ன என்று இப்போது புரிந்தது. பூஞ்சை வளரும்போது அதன் ஒவ்வொரு செல்லும் தன் மரபணுக்களைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான பிரதியில் எங்காவது ஒரு பிழை விழும். வயலில் அப்படிப் பிழை விழுந்து வேரைத் துளைக்கும் திறமையை இழந்த பூஞ்சை பட்டினி கிடக்கும், பின்தங்கிப் போகும். செடியே அதைக் கழித்துவிடும். கண்ணாடித் தட்டில் கழிக்க ஆள் இல்லை. சோறு பரிமாறித் தயாராக இருக்கிறது, எந்த வேரையும் உடைக்க வேண்டியதில்லை. நோய் உண்டாக்கும் சாமான்களைச் செய்யும் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் சில பூஞ்சைகள் இன்னும் வேகமாக வளரும். அப்படி வேகமாக வளர்ந்ததை ஒருத்தி தேடித் தேடி எடுத்து அடுத்த தட்டில் வைத்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது வளர மட்டுமே தெரிந்த பூஞ்சை.

ரூபா மேடம் இரண்டு தட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது புது ரேஸா, புது வகையா இருக்கும் ஜெபா” என்றார். “வயல்ல இருக்கற ஃபங்கஸ் மியூட்டேட் ஆகி ஸ்ட்ராங்கா ஆயிருக்கும். நம்ம பதினேழு பழசத் தாங்குச்சு, புதுசத் தாங்கல. நடக்கறதுதானே. அப்பிடியே ரிப்போர்ட் குடுத்துடலாம்.”

கேட்பதற்கு இதமாக இருந்தது. அப்படியும் நடப்பதுண்டு. பிழை எல்லாம் பலவீனத்தில் முடிவதில்லை. செடியின் காவல் அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு பொருளை, பூஞ்சை ஒரே பிழையில் மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். அப்படி நுழைந்திருந்தால் ஐசக் மேலும் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை. பால் சொசைட்டி வாசலில் அதை அவள் எவ்வளவு அழகாக விளக்குவாள்.

“மேடம், வயல்ல இருக்கறது மாறிச்சா, நம்மகிட்ட இருக்கறது மாறிச்சான்னு எப்பிடிச் சொல்றது?”

“ரெண்டையும் வெச்சு மட்டும் சொல்ல முடியாது. நம்ம ஃபங்கஸ் மாறறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்துச்சோ, அது வேணும். அது எங்க கெடைக்கும் இப்ப?”

ஜெபசீலி ஃப்ரிட்ஜ் பக்கம் பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

“ஃப்ரிட்ஜுல இருக்குது மேடம். எனக்கு முன்னால இருந்த பொன்னுசாமி சார் வடிதாள்ல வளத்து, காய வெச்சி, கவர்ல போட்டு வெச்சிட்டுப் போனது. எடுத்துப் பாக்கலாமா?”

காய்ந்த தாளில் குளிரில் கிடக்கும் பூஞ்சை சாகாது, வளரவும் செய்யாது. வளராததால் பிரதி எடுப்பதில்லை. பிரதி எடுக்காததால் பிழையும் விழுவதில்லை. பல வருஷம் கழித்து எடுத்தாலும், தூங்கப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே எழுந்திருக்கும்.

ரூபா மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். “எடுத்தா என்ன வரும்னு உனக்குத் தெரியுது இல்ல?”

“தெரியுது மேடம்.”

“நம்ம ரெண்டு பேருக்கும் நல்லாருக்காது.”

“எங்கண்ணனுக்கு நெலம் போவுது மேடம்.”

மூன்று பூஞ்சைகளை வைத்துச் சோதனை போட்டார்கள்: வயலில் எடுத்தது, வெள்ளைப் பஞ்சு, தாளில் தூங்கியது. ஒவ்வொன்றிலும் செக் நாற்றையும் பதினேழாம் நம்பர் நாற்றையும் முக்கி நட்டார்கள். பூஞ்சை ஏற வேண்டிய காலத்தை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஜெபசீலி தினமும் காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்த அறைக்குப் போய் நின்றாள். வெள்ளைப் பஞ்சில் முக்கியது எதுவும் அசையவில்லை. வயல் பூஞ்சையில் முக்கியதெல்லாம் சாய்ந்தது. தாளில் தூங்கியதில் முக்கியதும், செக் மட்டுமல்ல, பதினேழாம் நம்பரும் சேர்ந்து, இலை மஞ்சளாகி, தலை தொங்கிச் சாய்ந்தது. அவள் ஒவ்வொரு தண்டாகச் சீவினாள். எல்லாவற்றிலும் அந்த டீக்கறை.

வயல் பூஞ்சை புதிதல்ல. அது எப்போதும் போலத்தான் இருந்திருக்கிறது. பதினேழாம் நம்பர் எந்த நாளும் எதையும் தாங்கியதில்லை. போன வருஷச் சோதனையில் செக்கில் பாதிகூட வாடவில்லை. அன்றைக்கும் குளிர் என்று ஒரு காரணம் சொல்லி, அந்த வருஷத்து ரகங்களுக்கெல்லாம் ‘தாங்கும்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ரூபா மேடம் பதினேழையும் அந்த வருஷத்து மற்ற ரகங்களையும் நிறுத்தச் சொல்லி மேலே எழுதினார். “பிளேட் அழகா இருக்குன்னு ஊருக்கெல்லாம் காட்டினது நான்தான்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை ஜெபசீலி வீட்டுக்குப் போனதும் கை கழுவாமல் ஐசக் எதிரில் உட்கார்ந்தாள். இந்த முறை கையை விரித்துக் காட்டவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அனிட்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

ஐசக் வெகுநேரம் கழுத்துத் துண்டை மடித்தான், பிரித்தான்.

“நாட்டுக்கோழிய பிராய்லராக்கி வெச்சிருக்க” என்றான். “அதுங்கூட சண்ட விட்டுப் பாத்துட்டு, எஞ்சேவல் ஜெயிச்சிடுச்சின்னு எனக்குக் குடுத்திருக்க.”

“ஆமாண்ணா.”

“அத நான் நேரா உட்டது பருந்துகிட்ட.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “ராத்திரில எந்திரிச்சி ஒக்காந்துக்குவேன் பாப்பா. வால்வ சரியாதான மூடினேன், சரியாதான மூடினேன்னு.”

“நான் போயி திம்மராயய்யா வூட்டுல சொல்லிட்டு வர்றேண்ணா. இப்பவே.”

“வூட்டுல போயி அவருகிட்ட தனியா சொல்லுவியா?” இது அனிட்டா. குரலில் கேலி இல்லை. “அன்னிக்கு அவரு வூட்டுக்குள்ளயா சொன்ன?”

ஜெபசீலி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அனிட்டாவை அடக்கவில்லை.

மறுநாள் காலையில் பால் சொசைட்டி வாசலில் சாரலும் சாணி வாசனையும் டெம்போ புகையும் கலந்து கிடந்தன. ஐசக் வேறு யாரோ விளைவித்த தக்காளியைக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். தன் வயல் போன பிறகு கூலிக்கு அந்த வேலைதான். மாரம்மா கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். திம்மராயன் பால் அளந்து முடித்துத் திரும்பினார்.

“ஐயா, ஒரு நிமிசம்” என்றாள் ஜெபசீலி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இன்னும் உரக்கப் பேச வேண்டியிருந்தது, பேசினாள். “அன்னிக்கு இங்கதான் நின்னு எங்கண்ணனுக்குத் தண்ணி விடத் தெரிலன்னு சொன்னேன். அது பொய்யி. தண்ணியால சாவல. வெதை நோயத் தாங்காத வெதை. தாங்கும்னு கையெழுத்துப் போட்டது நான். தப்பா டெஸ்ட் பண்ணிட்டேன்.”

கிரேட் அடுக்கும் சத்தம் நின்றது. அன்றைக்குச் சிரித்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

“தப்பா டெஸ்ட்டா?” என்றாள் மாரம்மா. “எப்பிடி?”

விளக்கமாகச் சொல்லலாம். மரபணு, பிரதி, பிழை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. சொன்னால் எல்லோரும் ஆவலாகக் கேட்பார்கள், கேட்டு முடிக்கும்போது அவளுடைய தப்பு ஒரு நல்ல கதையாகிவிடும். 

“வாட வேண்டிய செடி வாடல. ஏன் வாடலன்னு நான் கேக்கல. அவ்ளோதான்” என்றாள்.

திம்மராயன் காலிக் கேனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“ஹௌதா, அப்பிடியா” என்றார். பிறகு ஐசக் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கோ அவருடைய வீட்டில் யாருக்குமோ கிடையாது. “லே ஐசக்கு, மண்ணுல அந்தச் சீக்கு நிக்குமா?”

“நிக்குமாம்ங்கய்யா. வருசக்கணக்குல” என்றான் ஐசக். “தங்கச்சி சொன்னா. தக்காளி, கத்திரி, மொளகா எதுவும் கொஞ்ச வருசம் ஆவாது.”

“ராகிக்கு?”

“ராகிய ஒண்ணும் பண்ணாதாம்.”

“ராகி பருவம் தப்பிடுச்சு. இப்ப கொள்ளு தூவு. ஆடியில ராகி போடு.” நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “குச்சிங்கள பத்திரமா எடுத்து வை. எல்லாம் புதுக் குச்சி.”

ஆடி என்றால் அடுத்த வருஷம். நிலம் ஐசக்கிடம்தான் இருக்கிறது என்பதைத் திம்மராயன் அப்படித்தான் சொன்னார். ஐசக் குனிந்து அடுத்த கிரேட்டைத் தூக்கினான். பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் ஜெபசீலி நின்றுகொண்டே போனாள்.

லேபில் வெள்ளைப் பஞ்சுத் தட்டுகளையெல்லாம் கொதிக்கவைத்துக் கொட்டினாள். பொன்னுசாமி சாரின் தாளிலிருந்து பூஞ்சையை எழுப்பி, செக் நாற்றின் வேருக்குக் கொடுத்து, அது வாடிய பிறகு தண்டின் பழுப்புக் கோட்டிலிருந்து திரும்ப எடுத்தாள். பார்க்க அசிங்கமாக, மெலிந்து, ஊதா ஓடி வந்தது. அதை வடிதாள் துண்டுகளில் வளர்த்துக் காயவைத்து, கவர் கவராக ஃப்ரிட்ஜில் அடுக்கினாள். இனி ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு துண்டைப் புதிதாக எழுப்ப வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றக் கூடாது. அழகானதைப் பொறுக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை பூஞ்சையைச் செடிக்குள் அனுப்பித் திரும்ப எடுக்க வேண்டும். செக் வாட வேண்டும். செக் வாடாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.